மாமா அடித்த ஜாம்

எங்கள் மாமாவுக்கு வயது அறுபத்தைந்து ஆகிறது. மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும் பாட்டை இன்றுவரை அவர் பாட்டாகவே மதிப்பதில்லை. அதை விளம்பரம் என்பார். அவரைப் பொறுத்தவரை பாட்டு என்றால் குறைந்தது பதினைந்து நிமிடம் ஓட வேண்டும். நடுவில் பாடுகிறவர் எங்கேயோ காணாமல் போய்விட வேண்டும். கிட்டாரும் ஆர்கனும் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடியும் சண்டை போட வேண்டும். ஒருவழியாக முடிந்தது என்று கேட்கிறவர்கள் மூச்சு விடும்போது டிரம்ஸ்காரர் மட்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். போன மாதம்கூட, மகள் வாங்கிக் கொடுத்த சின்ன ஸ்பீக்கரில் அப்படி ஒன்றைப் போட்டுவிட்டு மர்பி டவுன் வீட்டு மாடியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "இன்னும் முடியலையா?" என்று கீழேயிருந்து அத்தை கேட்டார். "இப்பதான் ஆரம்பிக்குது" என்றார் மாமா. முப்பது வருடத்துக்கும் மேலாக இருவரும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்தக் கல்யாணம் என் வாயால் நின்றுபோக இருந்தது.

மாமா என்பது அம்மாவின் தம்பி. நான் சிறுமியாக இருந்தபோது எங்களோடுதான் இருந்தார், ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். ஐடிஐ படித்த காலத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்துக்கு ஒரு மின்விசிறியைச் சரிசெய்து கொடுத்தாராம். அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது, ஒரு ரெக்கார்டு பிளேயரையும் மரப்பெட்டி நிறைய ரெக்கார்டுகளையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தலைகீழாக நிற்கும் மரம், கண் முளைத்த நிலா என்று அட்டைகளில் படம் போட்டிருக்கும். அதில் தொடங்கிய பைத்தியம் அது. இங்கிலாந்துக் குழுக்கள் பாட்டை வீடு கட்டுவதுபோல அறை அறையாகக் கட்டும் என்பார். அமெரிக்கக் குழு ஒன்று ஒரே பாட்டை ஊருக்கு ஊர் வேறு மாதிரி வாசிக்குமாம். அந்த ஒரே பாட்டு மூன்று ஊர்களில் வாசிக்கப்பட்டதை மூன்று கேசட்டுகளாக வைத்திருந்தார். அப்பாவுக்கு இது பிடிபடவே இல்லை. ஒரே படத்தை மூன்று தியேட்டரில் பார்ப்பதுபோல இருக்கிறதே என்று கிண்டல் செய்வார். மாமா உடனே அப்பாவை உட்கார வைத்து மூன்றையும் போட்டுக் காட்டுவார். அப்பா இரண்டாவது ஊரிலேயே தூங்கிப்போவார்.

அம்மா மட்டும் அந்த ரெக்கார்டுகளால் ஒரு லாபம் கண்டார். அடுப்பில் உலை கொதித்து அரிசி போடும் நேரம், "டேய், அந்த நிலாப் பாட்ட வையிடா" என்று குரல் கொடுப்பார். ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரே பாட்டுதான். அது முடிந்து ஊசி கரகரவென்று ஓடத் தொடங்கினால் சோறு வடிக்கப் பதமாக இருக்கும். அந்தப் பாட்டின் பெயர் இன்றுவரை அம்மாவுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மத்தியானம் ஷிஃப்ட் முடிந்ததும் மாமா ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் போய்விடுவார். அவருடைய நண்பர் ஒருவர் அங்கே சர்ச்சில் கிட்டார் வாசிப்பவர். அவர் வீட்டுக்குப் பின்னால் பழைய கார் ஷெட் ஒன்று உண்டு. அங்கே ஐந்து பேர் கூடி, இன்ன பாட்டு என்றில்லாமல், கை போன போக்கில் மணிக்கணக்காக வாசிப்பார்கள். அதற்குப் பெயர் ஜாம். மாமாவுக்கு எந்த வாத்தியமும் வராது. டேப் ரெக்கார்டரில் எல்லாவற்றையும் பதிவு செய்வது அவர் பொறுப்பு. மீதி நேரத்தில் ராகி போட்ட பவுடர் டப்பாவைத் தாளத்துக்குக் குலுக்குவார். ஆனால் வீட்டுக்கு வந்து சொல்லும்போது, "இன்னிக்கு ஜாம் அடிச்சோம் பாரு, அப்பப்பா!" என்பார். டிரம்ஸ் அடிக்கிறார்கள், கிட்டார் அடிக்கிறார்கள், அதுபோல ஜாமும் அடிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது குளியல், காபி மாதிரி சாதாரணச் சொல்லாகிவிட்டது.

மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது ஆகியும் கல்யாணம் கூடவில்லை. வருகிற வரன்களுக்கெல்லாம் பாட்டுப் போட்டுக் காட்டியே விரட்டிவிடுகிறான் என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார். அப்போதுதான் சிவாஜிநகரிலிருந்து அந்த வரன் வந்தது. பெண் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். பெண் பார்க்கப் போனபோது நானும் போயிருந்தேன். மாமா வழக்கம்போல வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், உங்களுக்கு எந்த மாதிரிப் பாட்டு பிடிக்கும் என்று கேட்டுவிட்டார். பெண் கொஞ்சம் யோசித்து, "எதுவானாலும் சரி, சட்டுனு முடிஞ்சிட்டா எனக்குக் கோவம் வரும்" என்றார். மாமாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தார். இந்தப் பெண் இல்லையென்றால் வேறு பெண்ணே வேண்டாம் என்று அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

பெண் வீட்டில் ஒரே ஒரு நிபந்தனை. நகை, சீர் எதைப் பற்றியும் பேச்சில்லை. மாப்பிள்ளை குடிக்கக் கூடாது, ஒரு சொட்டுகூட. தரகர் இதைச் சொன்னதும் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். பீர் வாடை பட்டாலே வாந்தி எடுக்கிறவர் மாமா. இதைவிடச் சுலபமான நிபந்தனை உலகத்தில் இல்லை என்று நினைத்தோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, அதிகம் பேசாத மனிதர். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடையில் முப்பது வருடமாகத் துணி கிழித்துக் கொடுப்பவர். கடை முதலாளி உருது பேசுகிறவர். கடை ரேடியோவில் நாள் முழுக்க கஜலும் கவ்வாலியும்தான் ஓடும். இவரும் அதைக் கேட்டுக் கேட்டு, எங்கள் கூடத்தில் காத்திருந்தபோது மெல்லிய குரலில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறையில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். அப்பா தரகரை அழைத்துப்போய் மாடி அறையைக் காட்டிக்கொண்டிருந்தார். மாமா வெற்றிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். கூடத்தில் அவரும் ஒன்பது வயது நானும்தான்.

"மாமா லீவு நாள்ல இன்னா பண்ணுவாரு பாப்பா?" என்று சும்மா கேட்டார்.

என்னை யாராவது ஏதாவது கேட்டால் போதும். மாமாவின் பெருமையைப் பேசுவதென்றால் கேட்கவே வேண்டாம்.

"சனிக்கிழமை ஆனா ஜாம் அடிப்பாரு தாத்தா."

முணுமுணுப்பு நின்றது. "ஜாமா?"

"ஆமா. ரிச்சர்ட்ஸ் டவுன்ல ஒரு ஷெட்டு. ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வருவாங்க. கதவ நல்லா சாத்திக்குவாங்க. இல்லனா பக்கத்து வூட்டுக்காரங்க சண்டைக்கு வந்துடுவாங்க."

"எவ்ளோ நேரம்?"

"ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்க. வூட்டுக்கு வந்து கண்ண மூடிக்கினு தலைய ஆட்டிக்கினே உக்காந்திருப்பாரு. சோறுகூட வேணாம்னுடுவாரு."

அவர் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உன்னையும் கூட்டினு போவாரா?"

"ஒரு வாட்டி போனேன். எனக்கும் கொஞ்சம் குடுத்தாரு" என்றேன், அந்த ராகி டப்பாவை மனத்தில் வைத்துக்கொண்டு. "ரொம்ப ஜாலியா இருந்துச்சு."

பஜ்ஜி வந்தது. அவர் ஒன்றுகூட எடுக்கவில்லை. காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனார். வெற்றிலையோடு வந்த மாமா தெருமுனையில் அவரைப் பார்த்துக் கும்பிட்டாராம். அவர் பார்க்காததுபோல் நடந்துவிட்டார்.

மறுநாள் தரகர் வந்து, பையனுக்குப் பழக்கம் இருக்கிறதாமே, முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று குறைபட்டுக்கொண்டார். வீடே இடிந்துபோனது. யாரோ இல்லாததையும் பொல்லாததையும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா முடிவு கட்டினார். தெருவில் யார் யார் மீதெல்லாம் வருத்தம் உண்டோ அத்தனை பேர் வீட்டு வாசலிலும் பொதுவாக நின்று திட்டிவிட்டு வந்தார். எனக்கு ஒரே கோபம். என் மாமாவைப் பற்றி யார் அப்படிச் சொன்னது என்று அம்மாவுக்குப் பின்னாலேயே போய் நானும் நின்றேன்.

மாமா யாரையும் திட்டவில்லை. அந்த ஷெட்டுக்குப் போவதைப் பார்த்துத்தான் எவனோ கதை கட்டியிருக்கிறான், உன் பாட்டுதான் உன் வாழ்க்கையைக் கெடுத்தது என்று அம்மா அழுதபோது, எழுந்துபோய் ரெக்கார்டுகளையும் கேசட்டுகளையும் ஒரு சாக்கில் போட்டுக் கயிற்றால் கட்டினார். இனிமேல் ஜாமும் இல்லை, ஒன்றும் இல்லை என்றார். அந்த வாரம் முழுக்க வீட்டில் பாட்டுச் சத்தமே கேட்கவில்லை. அம்மா வடித்த சோறு ஒருநாள் குழைந்தது, மறுநாள் விதை விதையாக நின்றது. அதையே சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்து அடுத்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த வீட்டம்மா உருது பேசுகிறவர். தெருவுக்கே அவர் சாச்சிதான். எங்களிடம் தமிழில் பேசுவார், நடுநடுவே அவர் மொழி எட்டிப்பார்க்கும். மகளே என்ற பொருளில் என்னைப் பேட்டி என்றுதான் கூப்பிடுவார். மாமாவைக் குடிகாரன் என்று சொல்லிவிட்டார்கள் என்று அவரிடம் புலம்பினேன். அந்தத் தாத்தாவிடம் மாமாவைப் பற்றி நான் எவ்வளவு நல்லவிதமாகச் சொன்னேன் தெரியுமா என்று, சொன்னதையெல்லாம் வரி பிசகாமல் ஒப்பித்தேன்.

சாச்சி கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே போட்டார். "அரே அல்லா! ஜாம்னு சொன்னியா பேட்டி? அடிக்கிறாருன்னு சொன்னியா?" என்றவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நான் விழித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க பாஷையில ஜாம்னா சாராயக் கிளாஸ். கவ்வாலிப் பாட்டுல மூச்சுக்கு மூச்சு அதான் வரும். நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா கல்யாணச் சாப்பாடு சாப்ட்டிருக்கலாம்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துத் தரதரவென்று எங்கள் வீட்டுக்கு இழுத்துப் போனார்.

அம்மா கேட்டுவிட்டுக் கரண்டியை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. "எனக்கும் குடுத்தாருன்னா சொன்ன?" என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன். அம்மா தரையில் உட்கார்ந்து, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத ஒரு சத்தம் எழுப்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரெல்லாம் தேடிய அந்த ஆள் நான்தான்.

வெள்ளிக்கிழமை அப்பா துணிக்கடைக்குப் போய் விளக்கம் சொன்னார். பெண்ணின் அப்பா துணி அளந்துகொண்டே கடைசிவரை மரியாதையாகக் கேட்டார். "எந்தக் குடிகாரன் சார் குடிக்கிறேன்னு ஒத்துக்கினான்?" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, நாளைக்கு நானே வந்து என் கண்ணால் பார்க்கிறேன், பையனிடம் மூச்சு விடக் கூடாது என்றார். அப்பா சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

வந்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. மாமாதான் ஜாமை விட்டுவிட்டாரே. பாட்டையெல்லாம் சாக்கில் கட்டிப் போட்ட மனிதரை, காரணமும் சொல்லாமல் மறுபடி அனுப்ப வேண்டும். ஐந்து நாள் முன்பு ஜாமுக்குச் சாபம் விட்ட அம்மா, சனிக்கிழமை மத்தியானம் மாமா முன்னால் நின்று கெஞ்சினார்.

"டேய், ஒரு எட்டு ஜாமுக்குப் போயிட்டு வாடா."

"வேணாங்க்கா. விட்டுட்டேன்னா விட்டுட்டேன்."

"நீ இப்படி மூஞ்சத் தூக்கி வச்சிருக்கறத என்னால பாக்க முடியல. என் கண்ணுல்ல, போடா."

மாமா அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார். அக்காவுக்கு வருத்தத்தில் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தாராம். அவரைச் சமாதானப்படுத்துவதற்காகவே ராகி டப்பாவை எடுத்துக்கொண்டு போனார். டேப் ரெக்கார்டரை எடுக்கவில்லை.

அரை மணி கழித்துப் பெண்ணின் அப்பா ஆட்டோவில் வந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார், அம்மாவுக்கு ஷெட் தெரியாது. வழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். வாயே திறக்காதே என்று அம்மா என் தொடையில் கிள்ளி அனுப்பினார். ஆட்டோவில் நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு வந்தேன். பாதி வழியில் அவர் கேட்டார்.

"மாமா உன்ன எப்பவாச்சும் அடிச்சிருக்காரா பாப்பா?"

பாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. "இல்ல தாத்தா. ஒரு வாட்டி ஒரு ரெக்கார்டுல காம்பஸால கோடு போட்டுட்டேன். அப்பகூட அவருதான் அழுதாரு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்த்துக்கொண்டார்.

ஷெட் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பூமி அதிர்ந்துகொண்டிருந்தது. அவர் கதவைத் தள்ளினார். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். ஐந்து பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். மாமா மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டி டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். ஜன்னல் மேடையில் ஐந்து டம்ளர்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்தார். ஃப்ளாஸ்க்கைத் திறந்து முகர்ந்தார். மூலையில் கிடந்த பழைய சாக்கைக் காலால் நகர்த்திப் பார்த்தார். ஸ்பீக்கருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். குனிந்து மாமாவின் ஸ்டூலுக்கு அடியிலும் பார்த்தார். மாமா அப்போதும் கண் திறக்கவில்லை. பாவம், தாத்தா தாகத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். அம்மாவின் கிள்ளலையும் மறந்து, அவர் காதருகே போய், "டீ வேணுமா தாத்தா?" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். ஃப்ளாஸ்க்கிலிருந்து ஒரு டம்ளரில் தானே டீயை ஊற்றிக்கொண்டு ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தார். பாட்டு முடியட்டும் என்று காத்திருந்தார்.

அவருக்கு என்ன தெரியும்! கிட்டார் முடிந்து ஆர்கன் வந்தது. ஆர்கன் முடிந்து மறுபடி கிட்டார் வந்தது. நடுவில் எல்லாம் அடங்கி, அவர் எழப் போனார். டிரம்ஸ்காரர் முதலிலிருந்து தொடங்கினார், அவர் திரும்ப உட்கார்ந்தார். டீ தீர்ந்து இன்னொரு டம்ளரும் ஊற்றிக்கொண்டார். அதற்குள் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிய ஆரம்பித்துவிட்டது. துண்டால் துடைத்தார், மறுபடி வழிந்தது. கடைசியில் கரண்ட் போனது. கிட்டார் செத்தது, ஆர்கன் செத்தது. மாமாவின் ராகி டப்பா மட்டும் தனியாக ஒரு நிமிடம் குலுங்கிக்கொண்டிருந்தது. பிறகு மாமா கண்ணைத் திறந்தார். தன் டம்ளரில் டீ குடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் டப்பா கையிலிருந்து விழுந்து, ராகி ஷெட் முழுக்க உருண்டோடியது.

"தம்பி, இதுக்கு முடிவே கிடையாதா?" என்று கேட்டார் அவர்.

"கரண்ட் போனதால நின்னுச்சு சார்" என்றார் மாமா, எழுந்து நின்று.

"இதுக்குப் பேருதான் ஜாமா?"

"ஆமா சார்."

அவர் டம்ளரை வைத்துவிட்டு மாமாவின் தோளில் கை வைத்தார். "குடிக்காமலே இவ்ளோ நேரம் இதக் கேக்கற ஆளு, எம் பொண்ணு பேசறதயும் பொறுமையா கேப்பான்" என்றார். மாமாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அவர் காலில் விழப்போய் டிரம்ஸ் மேல் விழுந்தார். நான் ஆட்டோவில் வரும்போது, அப்பாடா, இனி யாரும் என்னைக் கிள்ள மாட்டார்கள் என்று நிம்மதியாகத் தூங்கிப்போனேன். அன்று சாயங்காலமே அம்மா சாக்கு மூட்டையின் கயிற்றை அரிவாள்மணையில் அறுத்தார்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து பல வருடங்கள் கழித்து, நானும் கல்யாணமாகிப் போன பிறகுதான் மீதிக் கதையைச் சொன்னார். அத்தைக்கு ஓர் அக்கா உண்டு. அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவர்கள் அப்பா நான்கு பேரிடம் விசாரித்தாராம். நான்கு பேரும் பையன் தங்கம் என்றார்கள். அதை நம்பிக் கட்டிக் கொடுத்தார். அந்தத் தங்கம் தினமும் குடித்துவிட்டு வந்து அடித்தது. மூன்றாவது வருடம் கையில் கட்டோடும் இடுப்பில் குழந்தையோடும் அக்கா திரும்பி வந்துவிட்டார். அன்றிலிருந்து, நானே ஒருமுறை நேரில் போய்ப் பார்த்திருக்கலாமே என்று அவர் சொல்லாத நாள் இல்லையாம். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து வீடு திரும்பிய அன்று, "போய்ப் பாத்துட்டேம்மா, நானே போய்ப் பாத்துட்டேன்" என்று பெரிய பெண்ணிடம்தான் முதலில் போய்ச் சொன்னாராம்.

எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. கல்யாணத்தன்று பந்தி முடிந்து எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, நடுவில் நின்று ஷெட்டில் நடந்ததை நடித்துக் காட்டினேன். டம்ளரை முகர்ந்தேன், ஸ்டூலுக்கு அடியில் பார்த்தேன், மாமாவின் பாட்டைத் தாங்க முடியாமல் தாத்தா அழுததைத் துண்டோடு அழுது காட்டினேன். மண்டபமே சிரித்தது. தாத்தாவும், ஆமாம் பாப்பா, தாங்க முடியாமல்தான் அழுதேன் என்று எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். அவர் பக்கத்தில் மடியில் ஒரு சின்னப் பையனை வைத்துக்கொண்டு ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை, தாத்தாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இவ்வளவு நன்றாக நடித்துக் காட்டியும் இந்த அக்காவுக்கு ஏன் சிரிப்பு வரவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.